ஒன்பதை அழுத்தச் சொன்ன குரல்

2024 ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கோபியில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவின் செல்போன் காலை பத்தரை மணிக்கு அடித்திருக்கிறது. எடுத்தால் பதிவு செய்த குரல், ஆங்கிலத்தில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், காரணம் தெரிந்துகொள்ள ஒன்பதை அழுத்தவும்.

பெரியம்மா முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். பென்ஷன், கேஸ் புக்கிங், ஃபாரினில் இருக்கும் மகளின் வீடியோ கால் எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான். அது போய்விடுமே என்று ஒன்பதை அழுத்திவிட்டார்.

அடுத்து என்ன நடந்தது என்பதை இப்போது தமிழ்நாட்டில் பாதிப் பேர் பத்திரிகையில் படித்திருப்பார்கள். மரியாதையாகப் பேசிய ஒருவன், “மேடம், உங்க ஆதார்ல மும்பையில ஒரு சிம் வாங்கியிருக்காங்க, அதுல தப்புக் காரியம் நடந்திருக்கு” என்று சொல்லி, ‘மும்பை போலீஸு’க்கு லைனை மாற்றினான். அங்கிருந்து வாட்ஸ்அப் வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேசையில் ஃபைல். கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து, யாரிடமும் பேசாதே, நீ ‘டிஜிட்டல் அரெஸ்ட்’டில் இருக்கிறாய். அன்றிரவு முழுக்க போனைச் சார்ஜில் போட்டு, கேமரா முன்னால் கட்டிலில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மாத்திரை போட எழுந்ததற்குக்கூட அனுமதி கேட்டாராம்.

மறுநாள் அவரே வங்கிக் கிளைக்கு நடந்துபோய், நிரந்தர வைப்பை உடைத்து, 4,80,000 ரூபாயை அவர்கள் சொன்ன கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் செய்தார். கவுண்டரில் இருந்த பெண், “எதுக்குங்கம்மா இவ்வளவு தொகை?” என்று கேட்டிருக்கிறார். “பேத்தி காலேஜ் ஃபீஸு” என்றாராம் பெரியம்மா. அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கைப்பைக்குள் அந்த வாட்ஸ்அப் கால் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

எனக்கு விஷயம் தெரிந்தது வியாழக்கிழமை காலையில். போனில் அவர் முதலில் சொன்னது இதுதான்: “கண்ணு, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்.”

அது அவர் செய்த தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. எங்கெங்கே யார் யார் தடுத்திருக்க முடியும் என்பதுதான் இந்த ஒன்றரை வருஷமாக என் மனசில் ஓடுகிறது. காரணம், அதில் ஒரு பகுதியை நான் உள்ளிருந்தே பார்த்தவன்.

கோவை காந்திபுரத்தில், நகைக்கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். ‘பல்க் எஸ்எம்எஸ்’ என்று தொழிலில் சொல்வோம். 2018-க்கு முன்னால் அந்தத் தொழில் எப்படி இருந்தது என்று நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. ஆறெழுத்தில் ஒரு வங்கியின் பெயர் மாதிரி ஏதாவது ஒன்றைத் தலைப்பாகப் போட்டு அனுப்பினால் போகும். அனுப்பியவன் யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பல சமயம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் தெரியாது, நடுவில் மூன்று நான்கு இடைத்தரகர்கள் இருப்பார்கள்.

2018 ஜூலையில் டிராய் புது விதிமுறை கொண்டுவந்தது. வணிகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்தத் தலைப்பில் அனுப்பப்போகிறது என்பதைப் பதிய வேண்டும், அதுதான் ஹெட்டர். என்ன வாசகத்தை அனுப்பப்போகிறது என்பதையும் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும், அது டெம்ப்ளேட். பெயர், தொகை, தேதி மாதிரி மாறக்கூடிய இடங்களை மட்டும் காலியாக விடலாம். இந்தப் பதிவேட்டை எல்லாத் தொலைபேசி நிறுவனங்களும் பங்கிட்டு வைத்திருக்கும். யாரும் தனியாக உட்கார்ந்து அதைத் திருத்த முடியாத மாதிரியான பிளாக்செயின் முறை. டிஎல்டி என்று எங்கள் ஆபீஸில் எல்லாரும் வாய்க்கு வாய் சொன்னது இதைத்தான். போட்டி நிறுவனங்கள் ஒரே பதிவேட்டில் கையை வைப்பது சாதாரண விஷயம் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையம் பின்னால் நின்று தள்ளாமல் அது நடந்திருக்காது.

தள்ளியும் மூன்று வருஷம் ஆனது. 2020-ல், பேடிஎம்மின் தாய் நிறுவனமான ஒன்97, தன் பெயரில் வரும் போலிச் செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விதிமுறையை முழுசாக அமல்படுத்துங்கள் என்று 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சூடு பிடித்தது.

2021 மார்ச் 8. அந்தத் திங்கட்கிழமையை நான் மறக்கமாட்டேன். அன்றுதான் ஒவ்வொரு செய்தியையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொருந்தாததை அனுப்பாமல் நிறுத்தும் வேலையைத் தொலைபேசி நிறுவனங்கள் தொடங்கின. காலை பதினோரு மணிக்கெல்லாம் எங்கள் ஆபீஸில் ஐந்து போனும் சேர்ந்து அடித்தது. நாடு முழுக்க ஓடிபி வரவில்லை. பணம் கட்ட முடியவில்லை, வங்கிக் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. எங்கள் வாடிக்கையாளரான ஒரு டயாலிசிஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். நோயாளிகளுக்கு நேரம் சொல்லும் செய்தி ஒன்றுகூடப் போகவில்லை. நான் டெம்ப்ளேட்டைத் திறந்து, அனுப்பிய செய்தியைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பதிந்ததில் ‘வணக்கம்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி. அனுப்பியதில் அது இல்லை. அவ்வளவுதான். ஒரு காற்புள்ளிக்காக நூற்றுப் பதினான்கு பேருக்கு நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து போன் போட்டுச் சொன்னோம்.

மறுநாளே டிராய் அதை ஏழு நாளைக்கு நிறுத்திவைத்தது. பிறகு, இன்னும் சரிசெய்யாத நிறுவனங்கள் என்று பெரிய பெரிய வங்கிகளின் பெயர்களையே போட்டுப் பட்டியல் வெளியிட்டது. மூன்று வருஷம் அசையாதவர்கள் மூன்று வாரத்தில் அசைந்தார்கள்.

அன்று நாங்கள் எல்லோரும் திட்டினோம். இப்போது யோசித்தால் அந்தக் கடுமைதான் சரி. ஓட்டை இருக்கும் இடமெல்லாம் பிறகும் அடைத்துக்கொண்டேதான் வந்தார்கள். அடுத்தவனின் டெம்ப்ளேட்டில் காலியாக விட்ட இடத்துக்குள் ஏமாற்று லிங்க்கைச் செருகி அனுப்பும் தந்திரம் ஒன்று இருந்தது. ‘உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், இங்கே அழுத்தவும்’ என்றெல்லாம் வந்ததே, ஞாபகம் இருக்கும். 2023-ல் எல்லா ஹெட்டர்களையும் டெம்ப்ளேட்களையும் மறுபடி சரிபார்க்க வைத்தார்கள். 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிந்து அனுமதி வாங்காத லிங்க் எதுவும் இந்தச் செய்திகளில் போகாது. 2025-ல் ஹெட்டரின் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தது. விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பணப் பரிவர்த்தனை, ஓடிபி மாதிரி என்றால் டி, அரசுச் செய்தி என்றால் ஜி. உங்கள் இன்பாக்ஸைத் திறந்து ஒருமுறை பாருங்கள், இருக்கும்.

பதிவு செய்த ஹெட்டரில் வரும் குறுஞ்செய்தியை இன்று நான் ஓரளவு தைரியமாக நம்புவேன். பெரியம்மாவுக்கு வந்தது குறுஞ்செய்தி இல்லை. அழைப்பு. பிறகு வாட்ஸ்அப்.

அழைப்பில் எண்ணை மாற்றிக் காட்டும் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஒருவன் இணையம் வழியாக அழைக்கிறான். அழைக்கும்போது ‘என் எண் இது’ என்று அவனுடைய கருவி ஓர் எண்ணைச் சொல்லி அனுப்புகிறது. அந்த இடத்தில் அவன் +91 என்று தொடங்கும் எந்த எண்ணையும் எழுதலாம். வழியில் இருக்கும் நிறுவனங்கள் அதை அப்படியே அடுத்த கைக்கு மாற்றிவிடும். உங்கள் போனில் ஒரு சாதாரண பத்து இலக்க இந்திய எண் தெரியும். சரி, வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணோடு வரும் அழைப்பையெல்லாம் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன? துபாய்க்குப் போன உங்கள் மாமா தன்னுடைய கோவை சிம்மிலேயே ரோமிங்கில் கூப்பிட்டால் அதுவும் நின்றுவிடும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எண் இந்த நிமிஷம் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறதா? பதில் அந்த எண்ணை வழங்கிய நிறுவனத்துக்கு மட்டும்தான் தெரியும். அழைப்பை நாட்டுக்குள் வாங்குவது வேறொரு நிறுவனமாக இருக்கும். இரண்டும் சந்தையில் எதிரிகள். ஒன்றின் தகவல் மற்றொன்றின் கைக்கு அந்த நொடியிலேயே போனால்தான் பொய்யைப் பிடிக்க முடியும்.

நடுவில் அரசு நின்று அதைச் சாத்தியமாக்கியது. 2024 அக்டோபர் 22-ல் தொலைத்தொடர்புத் துறையும் நிறுவனங்களும் சேர்ந்து இதற்கான தடுப்பு முறையை நாடு முழுக்கத் தொடங்கின. முதல் 24 மணி நேரத்தில், இந்திய எண்ணோடு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் சுமார் 1.35 கோடி பொய் என்று கண்டுபிடித்து நிறுத்தினார்கள். அப்படி வந்த மொத்த அழைப்புகளில் அது 90 விழுக்காடு.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்தது. ஒரே நாளில் 1.35 கோடி என்றால், அதற்கு முந்தின நாளும் ஏறக்குறைய அத்தனை வந்திருக்கும். அதற்கு முந்தின நாளும். ஆகஸ்டில் அந்தச் செவ்வாய்க்கிழமையும். பெரியம்மாவுக்கு வந்த அழைப்பு அப்படி வந்ததுதானா என்று எனக்குத் தெரியாது, யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. தடுக்க முடியாதது என்று இத்தனை வருஷம் நாம் நம்பிக்கொண்டிருந்த ஒன்று, ஒரு தீர்மானம் எடுத்தால் ஒரே நாளில் தடுக்கக்கூடியதாக இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் ‘மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்’ என்று மட்டும் யாராவது முடித்துக்கொண்டால் எனக்கு ஒப்புவதில்லை. விழிப்பு வேண்டும்தான். 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது என்று விளக்கிச் சொன்னார். நல்ல காரியம். பிறகு போன் செய்தாலே காதில் எச்சரிக்கை ஒலிக்கும்படி காலர் டியூன் வைத்தார்கள். அதுவும் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் வர்த்மான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், நாடறிந்த தொழிலதிபர், 2024-ல் போலி நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக்காட்டி அவரிடமிருந்து ஏழு கோடி பறித்தார்கள். ஆலோசனை சொல்ல வக்கீல் படையே வைத்திருக்கக்கூடியவருக்கே அந்தப் பயம் வருமென்றால், கோபியில் தனியாக இருக்கும் எழுபத்தொரு வயது அம்மாவை ‘நீ ஏன் யோசிக்கவில்லை’ என்று கேட்பதில் என்ன நியாயம்?

சிம் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா விஷயம் நடந்த வாரத்தில், சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்தேன். 2023 மே மாதம் அரசு தொடங்கிய தளம் அது. உங்கள் எண்ணையும் ஓடிபியையும் போட்டால் உங்கள் பெயரில் இருக்கும் எண்களின் கடைசி இலக்கங்களைக் காட்டும். மூன்று எண் வந்தது. இரண்டு அவருடையது. மூன்றாவது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பஸ் ஸ்டாண்டு கிட்ட குடை போட்டு உக்காந்திருந்த பையன்கிட்ட ஒருக்கா சிம் மாத்துனேன் கண்ணு. ரேகை சரியா விழுகலீங்கம்மா, இன்னொருக்கா வைங்கன்னான். வெச்சேன்.”

அந்த இரண்டாவது ரேகைதான் மூன்றாவது சிம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புவரை அனுமதி இருக்கிற நாட்டில், இப்படிக் கூடுதலாக எடுத்த சிம்கள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று யோசியுங்கள். ‘இது என் எண் இல்லை’ என்பதை அழுத்தினேன். சில நாளில் அது துண்டிக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. இந்த வசதியை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், இதை எழுதும்போதும் சொல்லாமல் போக மனசில்லை. பத்து நிமிஷ வேலை, இன்றைக்கே வீட்டில் பெரியவர்களுக்குப் பார்த்துக் கொடுங்கள்.

ஒரே முகத்தை வேறு வேறு பெயரில் காட்டி வாங்கிய சிம்களைக் கண்டுபிடிக்க அஸ்த்ர் என்ற மென்பொருளைத் தொலைத்தொடர்புத் துறை உருவாக்கியது. நிறுவனங்களிடம் இருக்கும் வாடிக்கையாளர் புகைப்படங்களை ஒப்பிட்டு, ஒரே முகம் பத்துப் பெயரில் இருந்தால் எடுத்துக் காட்டும். 2023-ல் நம்முடைய தமிழ்நாடு சைபர் க்ரைம் போலீஸ் இதை வைத்து 25,000-க்கும் மேற்பட்ட சிம்களை முடக்கியது. அந்த வருஷம் டிசம்பர் முதல் சிம் விற்கும் கடைக்காரர்களும் தங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. குடை போட்டு உட்கார்ந்திருந்த பையனை எனக்குக் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒரு சிம்முக்கு இவ்வளவு என்று அவனுக்கு இலக்கு வைத்து விரட்டியவர்கள்மீதுதான் கோபம்.

சரி, வியாழக்கிழமை காலைக்குத் திரும்புகிறேன். தெரிந்தவுடன் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்தோம். அந்த எண் 2021-ல் 155260 என்று தொடங்கியது, பிறகு நான்கு இலக்கமாகச் சுருக்கினார்கள். மறுமுனையில் பேசிய பெண் காவலர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “பயப்படாதீங்க சார், பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்க” என்றார். அவர் அதைத் தட்டிய கணத்திலேயே பணம் போன வங்கிக்குத் தகவல் போகிறது. அங்கே பணம் இருந்தால் நிறுத்திவைக்கிறார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவல் அங்கே தொடர்ந்து ஓடுகிறது. ஓட்டப்பந்தயம் மாதிரி. புதன்கிழமை மதியம் ஆர்டிஜிஎஸ், வியாழன் காலை புகார், இடையில் இருபது மணி நேரம். 4,80,000-ல் 1,10,000 மட்டும் ஒரு கணக்கில் பிடிபட்டது. மீதி அதற்குள் ஏழெட்டு வாடகைக் கணக்குகளுக்குப் பிரிந்துபோய்விட்டது. மாதம் மூவாயிரம், ஐயாயிரம் கிடைக்கிறது என்று தங்கள் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் யாருக்கோ கொடுத்துவிட்ட கல்லூரிப் பையன்கள், கூலிக்காரர்கள் பெயரில் இருக்கும் கணக்குகள்.

பிடிபட்ட 1,10,000-ஐ நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் விடுவித்தோம். எட்டு மாதம் ஆனது.

இந்த 1930 ஏற்பாட்டால் 2025 நடுப்பகுதிவரை 5,400 கோடிக்கு மேல் காப்பாற்றியதாக அரசு சொல்கிறது. அதே சமயம் 2024 ஒரே வருஷத்தில் மக்கள் இழந்தது 22,845 கோடி என்றும், அதற்கு முந்தின வருஷம் 7,465 கோடி என்றும் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். வலை விரிகிற வேகத்தைவிட திருட்டு விரிகிற வேகம் கூடுதல்.

காவல் துறை, வங்கி, தொலைபேசி நிறுவனம் மூன்றும் தனித்தனி ஊரில் தனித்தனி ஃபைலோடு இருந்தால் இருபது மணி நேரம் இருபது நாளாகும். அதைப் புரிந்துகொண்டுதான் 2024 செப்டம்பரில் டெல்லியில், உள்துறையின் கீழ் இருக்கும் ஐ4சி என்ற சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தில், வங்கிக்காரர்கள், தொலைபேசி நிறுவன ஆட்கள், பல மாநிலப் போலீஸார் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்கும் பிரிவைத் திறந்தார்கள். 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை இன்னொன்று செய்தது. மோசடியோடு தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் செல்போன் எண்களுக்கு நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று அபாய அளவு குறித்து, வங்கிகளுக்கும் யுபிஐ செயலிகளுக்கும் தரத் தொடங்கியது. எல்லா வங்கிகளும் இதைத் தங்கள் அமைப்பில் இணைக்க வேண்டும் என்று ஜூன் 30-ல் ரிசர்வ் வங்கியும் சொன்னது. நீங்கள் ஓர் எண்ணுக்குப் பணம் அனுப்பப்போகும் அந்த நொடியில், தொலைபேசிப் பக்கத்துத் தகவல் பணப் பக்கத்துக்கு வந்து கையைப் பிடிக்கிறது. நான் இதுவரை பார்த்ததில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஏற்பாடு இதுதான்.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்தச் சிவப்புக் குறி செல்போன் செயலியில் மட்டும் எரிந்தால் போதாது. கிளையில், கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற கணினியிலும் எரிய வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வைப்புத்தொகையை உடைத்து, இதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பியிராத ஒரு கணக்குக்கு முழுத் தொகையையும் அனுப்பினால், அந்தக் கணக்கில் பதிந்த செல்போன் எண்ணின் அபாய அளவு அங்கே தெரிய வேண்டும். “எதுக்குங்கம்மா?” என்று கேட்ட அந்தப் பெண்ணிடம் சந்தேகம் இருந்திருக்கிறது. சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ள ஒரு வழியும் இல்லை. ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க அதிகாரமும் இல்லை.

நாங்கள் போய்க் கேட்டபோது கிளையில், “நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புனதுங்க, நாங்க என்ன செய்ய முடியும்” என்றார்கள். அன்றைய விதிப்படி அது சரி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைக்குத்தான் பாதுகாப்பு தந்தது. அதிலும் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது அவருடையது. மிரட்டி வாங்கிய அனுமதிக்கு அதில் இடமே இருக்கவில்லை.

வேறு நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்தி வந்தது, அதுவும் வங்கியின் உண்மையான செய்திகள் இருக்கும் அதே வரிசையிலேயே. சுமார் 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். வங்கி முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்தியெல்லாம் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரையோடு போனில் விழத் தொடங்கியது. 2024 டிசம்பர் 16 முதல் இன்னும் ஒரு படி போனார்கள். போலிச் செய்தி, போலித் தளம் வழியாகப் பணம் போனால், வங்கி தன் கடமையில் தவறியதா என்று பார்ப்பார்கள். தவறியிருந்தால் வங்கி கொடுக்கும். அது சரியாக இருந்து தொலைபேசி நிறுவனம் தவறியிருந்தால் அது கொடுக்கும். மிரட்டலுக்குப் பயந்து தானே அனுப்பிய பணத்துக்கு அங்கேயும் இது பொருந்தாது. பிரிட்டனில் அதற்கும் வழி செய்துவிட்டார்கள். 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணமாக இருந்தாலும் 85,000 பவுண்டுவரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி.

வாங்கிய வங்கி பாதி என்பதை மறுபடி படியுங்கள். திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கிக்கும் நஷ்டம் வரும் என்றால், அடுத்த கணக்கைத் திறக்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். நம் நாட்டில் இவ்வளவு கூட்டு முயற்சி நடக்கிறது, நான் மேலே சொன்னது எதையும் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் எல்லாம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது நஷ்டம் முழுக்க ஏமாந்தவர் தலையில்தான் விழுகிறது. கூட்டு என்றால் அதிலும் பங்கு வேண்டும் என்பதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

அரசின் எல்லா யோசனைக்கும் நான் தலையாட்டுவேன் என்றும் நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் 28-ல், புதிதாக விற்கும் எல்லா ஸ்மார்ட்போனிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே போட்டு விற்க வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் திரும்பப் பெற்றார்கள். பெற்றது நல்லது. நான் அந்தச் செயலியை நானே விரும்பி வைத்திருக்கிறேன், பெரியம்மா போனிலும் வைத்திருக்கிறேன். ஆனால் என் போனுக்குள் எது இருக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கிறேன் என்கிற நம்பிக்கை போய்விட்டால், நல்ல செயலியையும் ஜனங்கள் ஒற்றன் மாதிரிதான் பார்ப்பார்கள். அதே தேதியில் போன இன்னொரு உத்தரவுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வாட்ஸ்அப் மாதிரியான செயலிகள், எந்த எண்ணில் பதிந்தார்களோ அந்த சிம் போனில் இருந்தால்தான் வேலை செய்ய வேண்டும் என்றது அது. இந்திய எண்ணில் வாட்ஸ்அப் தொடங்கிவிட்டு, சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்போடியாவில் உட்கார்ந்து காக்கிச் சட்டை போட்டுக்கொள்கிறவனுக்கு அது கஷ்டம். நடைமுறையில் எத்தனையோ சிக்கல் வரும், 2021 மார்ச் மாதிரி. ஒரு காற்புள்ளிக்குத் திண்டாடியவன் சொல்கிறேன், வந்தாலும் பரவாயில்லை.

அந்தக் காக்கிச் சட்டைக்காரனைப் பற்றியும் ஒன்று சொல்லணும். 2022-ல் மியான்மரின் மியாவடியிலிருந்து தமிழ்நாட்டுப் பையன்கள் பதின்மூன்று பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போய், எல்லை தாண்டி அடைத்துவைத்து, மோசடி வேலை செய்ய வைத்திருந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப் படை விமானங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்தப் பையன் நடுவுல ஒருக்கா, சாப்ட்டீங்களாம்மான்னு தமிழ்ல கேட்டான் கண்ணு” என்றார். அவர் அதைப் போலீஸில் கொடுத்த புகாரில் சொல்லவில்லை.

2025 டிசம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை விசாரிக்கும்படி சிபிஐக்கு உத்தரவிட்டது. அம்பாலாவில் ஒரு கோடிக்கு மேல் இழந்த ஒரு முதிய தம்பதி எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கியது அந்த வழக்கு. செய்தியை நான் போனில் படித்துக் காட்டினேன். “நம்ம புகாரும் அதுல வருமா?” என்று கேட்டார். தெரியலைங்க பெரியம்மா என்றேன்.

அவர் இப்போது தெரியாத எண்ணை எடுப்பதில்லை. தெரிந்த எண்ணையும் பல சமயம் எடுப்பதில்லை. பால்காரர், கூட வேலை பார்த்த டீச்சர், யார் கூப்பிட்டாலும் ஒருமுறை அடித்து ஓயவிட்டுப் பிறகுதான் திருப்பிக் கூப்பிடுகிறார். என்னிடம் மட்டும் ஒரு பழக்கம். எந்தச் செய்தி வந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, கூடவே ஒரு குரல்பதிவு.

போன வாரமும் ஒன்று வந்தது. அவருடைய புகார் இன்னும் விசாரணையில் இருப்பதாக ஒரே ஒரு வரி.

“இது நிஜமா வந்ததா கண்ணு?”

ஹெட்டரைப் பார்த்தேன். எழுத்தெழுத்தாக, மறுபடியும் ஒருமுறை. கடைசியில் ஜி இருந்தது.

“நிஜம்தாங்க பெரியம்மா,” என்று பதில் அனுப்பினேன்.